சி. எஸ். லூயிஸ்

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் (நவம்பர் 29, 1898 – நவம்பர் 22, 1963) அயர்லாந்தில் பிறந்த எழுத்தாளர், இலக்கியத் திறனாய்வாளர், கிறித்தவ சமயச் சிந்தனையாளர் ஆவார். ஏழு நூல்களைக் கொண்ட நார்னியா கதை வரிசையை எழுதியவர் என்ற முறையில் இவர் உலகெங்கும் அறியப்படுகிறார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். இளமையில் இறைமறுப்பாளராக இருந்து, முப்பது வயதைக் கடந்தபின் கிறித்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார்.

கிளைவ் என்பது இவருடைய இயற்பெயராயினும், குடும்பத்தாரும் நண்பர்களும் இவரை வாழ்நாள் முழுவதும் ஜாக் என்றே அழைத்தனர். இப்பெயர் இவர் குழந்தையாக இருந்தபோது இறந்துபோன ஒரு நாயின் பெயரிலிருந்து வந்தது என்று கூறப்படுகிறது. பேசும் விலங்குகள் இவருடைய முதல் கதைகளிலும் புகழ்பெற்ற கதைகளிலும் இடம்பெறுகின்றன. விலங்குகளின் வலியும், மனிதன் நேசித்த விலங்குக்கு மறுமை உண்டா என்ற கேள்வியும் இவருடைய சமய நூல்களில் ஆராயப்படுகின்றன.

பிறப்பும் குடும்பமும்

லூயிஸ் அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை ஆல்பர்ட் லூயிஸ் வழக்கறிஞர். தாய் புளோரா ஹாமில்டன் ஒரு திருச்சபைக் குருவின் மகள். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த அக்காலத்தில் கணிதமும் தருக்கமும் பயின்று பட்டம் பெற்றவர். லூயிசுக்கு மூன்று ஆண்டுகள் மூத்த வாரன் என்ற அண்ணன் இருந்தார். வார்னி என்று அழைக்கப்பட்ட இவர் பின்னாளில் படை அதிகாரியாகவும், பிரெஞ்சு வரலாறு பற்றிய நூல்களின் ஆசிரியராகவும் விளங்கினார். சகோதரர் இருவருக்கும் இடையிலான நெருக்கம் இறுதிவரை நீடித்தது.

பெயர் மாற்றம்

லூயிசுக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது, ஒரு நாள் அவர் தம் பெயர் இனிமேல் ஜாக்சி என்று வீட்டில் அறிவித்தார். வேறு எந்தப் பெயரால் அழைத்தாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காலப்போக்கில் ஜாக்சி சுருங்கி ஜாக் ஆயிற்று.

இதற்கான காரணம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. லூயிசின் வளர்ப்பு மகன் டக்ளஸ் கிரெஷாம் எழுதிய வாழ்க்கை வரலாறு உள்ளிட்ட நூல்களின்படி, ஜாக்சி என்பது சிறுவன் லூயிஸ் மிகவும் விரும்பிய ஒரு சிறிய நாயின் பெயர். மோட்டார் வண்டிகள் அரிதாயிருந்த அக்காலத்தில் அந்த நாய் வண்டியில் அடிபட்டு இறந்தது. இறந்த நாயின் பெயரைச் சிறுவன் தனக்குச் சூட்டிக்கொண்டான். அண்ணன் வாரன் எழுதிய நினைவுக் குறிப்பு இதே நிகழ்ச்சியை ஒரு கடற்கரை விடுமுறையின்போது நடந்ததாகக் கூறுகிறது. ஆனால் அதில் நாயைப் பற்றிய பேச்சு இல்லை. கிளைவ் என்ற பெயரும், மழலைக் காலச் செல்லப்பெயர்களும் தம்பிக்குப் பிடிக்கவில்லை என்பதே அங்குத் தரப்படும் காரணமாகும். நான்கு வயதுச் சிறுவன் தானே தேர்ந்துகொண்ட பெயரை அறுபது ஆண்டுகள் தாங்கியிருந்தான் என்பதில் இரண்டு கூற்றுகளும் ஒத்துப்போகின்றன.

விலங்கு நாடும் இந்தியாவும்

1905 ஆம் ஆண்டில் குடும்பம் நகரின் புறப்பகுதியில் கட்டப்பட்ட லிட்டில் லீ என்ற பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. நீண்ட நடைகளும் மேல்மாடத்து அறைகளும் கொண்ட அவ்வீட்டில், அலமாரிகள் மட்டுமின்றிப் படிக்கட்டுத் தளங்களிலும் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. மழை மிகுந்த ஊராதலால் சிறுவர் இருவரும் வீட்டுக்குள்ளேயே கற்பனை நாடுகளை உருவாக்கி விளையாடினர்.

லூயிஸ் உருவாக்கியது விலங்கு நாடு. பீட்ரிக்ஸ் பாட்டரின் படக்கதைகளில் மகிழ்ந்திருந்த அவர், ஆடை அணிந்து பேசும் விலங்குகளையும், கவசம் பூண்ட வீரர்களையும் ஒரே நாட்டில் குடியேற்றினார். வாரன் உருவாக்கிய நாட்டின் பெயர் இந்தியா. அது தொடர்வண்டிகளும் நீராவிக் கப்பல்களும் நிறைந்த கற்பனை இந்தியா. பின்னர் இரண்டு நாடுகளும் இணைக்கப்பட்டு பாக்சன் எனப் பெயரிடப்பட்டது. அதற்கு வரைபடமும், வரலாறும், அரசியலும் எழுதப்பட்டன. முயல் அரசரும், தவளை அமைச்சரும் அதில் இடம்பெற்றனர். இக்கதைகள் 1985 ஆம் ஆண்டில் நூலாக வெளியிடப்பட்டன.

தாயின் மறைவு

1908 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புளோராவுக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. வீட்டிலேயே அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. ஒன்பது வயது லூயிஸ் தாய் குணமடைய வேண்டும் என்று இறைவனை வேண்டினார். ஆகஸ்ட் 23, 1908 அன்று புளோரா காலமானார். தாம் அப்போது கடவுளை ஒரு மந்திரவாதியாகவே எண்ணியிருந்ததாகவும், மந்திரம் பலிக்கவில்லை என்று மட்டுமே கருதியதாகவும் லூயிஸ் பின்னாளில் தம் தன்வரலாற்றில் விளக்கினார். ஆயினும் அன்றோடு தம் வாழ்வின் நிலையான மகிழ்ச்சி முடிவுற்றது என்றும் அதில் பதிவு செய்துள்ளார்.

தாய் இறந்து ஒரு மாதம் முடிவதற்குள், இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் இருந்த உறைவிடப் பள்ளிக்கு லூயிஸ் அனுப்பப்பட்டார். அங்கு மாணவர்கள் கடுமையாக அடிக்கப்பட்டனர். அப்பள்ளி 1910 இல் மூடப்பட்டது. அதன்பின் மால்வர்ன் ஊரில் படித்தபோது அவர் படிப்படியாகத் தம் நம்பிக்கையை இழந்தார். உலகில் காணப்படும் வலியும் வீணும் நல்ல கடவுள் ஒருவர் இல்லை என்பதையே காட்டுகின்றன என்பது அவருடைய வாதமாயிற்று.

டிம்

தாய் இல்லாத வீட்டில் விடுமுறை நாட்களில் லூயிசுக்குத் துணையாக இருந்தது டிம் என்ற ஐரிஷ் டெரியர் இன நாய். தந்தைக்கும் மகன்களுக்கும் இடையே மனவேறுபாடு வளர்ந்துவந்த காலம் அது. டிம் பற்றி லூயிஸ் தம் தன்வரலாற்றில் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். அது யாருக்கும் கீழ்ப்படியும் நாயாக இருக்கவில்லை. தன் விருப்பத்துக்கு ஏற்றால் மட்டுமே மனிதரோடு உடன்பட்டது. தமக்கும் அதற்கும் இருந்த உறவு தலைவனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு அன்று, ஒரே விடுதியில் தங்கியிருக்கும் இருவருக்கு இடையிலான நட்பு என்று அவர் கருதினார். டிம் 1922 வரை வாழ்ந்தது.

போரும் கல்வியும்

1914 முதல் சர்ரே மாவட்டத்தில் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்ற ஆசிரியரிடம் லூயிஸ் தனியாகப் பயின்றார். தருக்கத்தில் மிகவும் கண்டிப்பான அந்த ஆசிரியரும் இறைமறுப்பாளரே. இக்காலத்தில், 1916 இல், ஜார்ஜ் மெக்டொனால்டு எழுதிய 'ஃபான்டஸ்டிஸ்' என்ற கற்பனை நூலை ஒரு தொடர்வண்டி நிலையத்தில் வாங்கிப் படித்தார். அந்நூல் தம் கற்பனைக்குத் திருமுழுக்குச் செய்தது என்ற கருத்தை அவர் பின்னர் வெளியிட்டார்.

1917 இல் ஆக்ஸ்போர்டில் சேர்ந்த சில மாதங்களில் படையில் சேர்ந்தார். தம் 19 ஆவது பிறந்த நாளன்று பிரான்சின் போர்முனையை அடைந்தார். ஏப்ரல் 1918 இல் குண்டுச் சிதறல்களால் காயமடைந்தார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் பேடி மூர் போரில் இறந்தார். நண்பருக்குக் கொடுத்திருந்த வாக்கின்படி அவருடைய தாய் ஜேன் மூருக்கும் தங்கைக்கும் லூயிஸ் ஆதரவாக இருந்தார். ஜேன் மூர் 1951 இல் இறக்கும்வரை இந்தப் பொறுப்பு தொடர்ந்தது.

1919 இல் வெளியான அவருடைய முதல் கவிதை நூல் இறைமறுப்பு உணர்வைக் கொண்டது. 1920 க்கும் 1923 க்கும் இடையில் மூன்று தேர்வுகளில் முதல் வகுப்பில் தேறினார். 1925 முதல் 1954 வரை ஆக்ஸ்போர்டின் மாடலின் கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆசிரியராகப் பணியாற்றினார். 1920களில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1991 இல் நூலாக வந்தது. பாடங்கள், வறுமை, வீட்டு வேலைகள் ஆகியவற்றோடு, நாயை நடக்க அழைத்துச் செல்வதும் அதில் அன்றாடச் செய்தியாக இடம்பெறுகிறது. 1930 இல் ஆக்ஸ்போர்டின் புறப்பகுதியில் 'தி கில்ன்ஸ்' என்ற வீட்டை இவரும், வாரனும், ஜேன் மூரும் சேர்ந்து வாங்கினர். அங்கும் நாய்களும் பூனைகளும் எப்போதும் இருந்தன.

சமய மாற்றம்

கடவுள் உண்டு என்று தாம் ஒப்புக்கொண்டது 1929 இல் என லூயிஸ் குறிப்பிட்டார். கடிதங்களை ஆராய்ந்த சிலர் அது 1930 ஆக இருக்கலாம் என்பர். விருப்பத்தோடு அன்றி, வேறு வழியின்றியே அவர் அம்முடிவுக்கு வந்தார்.

செப்டம்பர் 1931 இல் ஓர் இரவு, நண்பர்களான ஜே. ஆர். ஆர். டோல்கீன், ஹியூகோ டைசன் ஆகியோருடன் கல்லூரித் தோட்டப் பாதையில் நடந்தபடி தொன்மங்கள் பற்றி நெடுநேரம் உரையாடினார். இறந்து உயிர்க்கும் கடவுள் பற்றிய பழங்கதைகள் தம்மை நெகிழச் செய்யும்போது, கிறித்துவின் கதை மட்டும் ஏன் அவ்வாறு செய்யவில்லை என்ற கேள்வி அவ்வுரையாடலில் எழுந்தது. சில நாட்களுக்குப்பின் வாரனின் மோட்டார் சைக்கிளின் பக்க வண்டியில் அமர்ந்து விப்ஸ்னேடு விலங்குக் காட்சியகத்துக்குச் சென்றார். புறப்படும்போது இல்லாத நம்பிக்கை, போய்ச் சேரும்போது தமக்கு இருந்தது என்று அவர் எழுதினார். விலங்குகள் பரந்த வெளியில் உலவும் வகையில் அமைக்கப்பட்ட அக்காட்சியகம் அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டிருந்தது. வாலபி எனப்படும் சிறு கங்காருக்கள் சுற்றித் திரிந்த காட்டுப்பகுதியை ஏதேன் தோட்டத்தோடு ஒப்பிட்டுத் தன்வரலாற்றில் நினைவுகூர்ந்துள்ளார்.

வலியும் விலங்குகளும்

1940 இல் வெளிவந்த 'தி பிராப்ளம் ஆஃப் பெயின்', கடவுள் நல்லவராகவும் எல்லாம் வல்லவராகவும் இருந்தால் உயிர்கள் ஏன் துன்புறுகின்றன என்ற கேள்வியை ஆராய்கிறது. இளமையில் அவரை நம்பிக்கையிலிருந்து வெளியேற்றியதும் இதே கேள்விதான். இந்நூலில் நாய் இரண்டு முக்கிய இடங்களில் வருகிறது.

முதலாவது, கடவுளின் அன்பை விளக்கும் பகுதி. கடவுள் மனிதன்மீது கொண்ட அன்பைப் புரிந்துகொள்ள அவர் நான்கு உவமைகளைத் தருகிறார். கலைஞன் தன் படைப்பின்மீது கொள்ளும் அன்பு, மனிதன் விலங்கின்மீது கொள்ளும் அன்பு, தந்தை மகன்மீது கொள்ளும் அன்பு, ஆணும் பெண்ணும் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் அன்பு என்பன அவை. நாயை நேசிப்பவன் அதைக் குளிப்பாட்டுகிறான், பழக்குகிறான், அதன் இயல்புகள் சிலவற்றைத் திருத்துகிறான். இவையெல்லாம் நாய்க்குட்டிக்குக் கொடுமையாகத் தோன்றலாம். வளர்ந்து, உடல்நலமும் அன்பும் பெற்று, காட்டு நாய்க்குக் கிட்டாத வாழ்வை அடைந்தபின் அது அவ்வாறு எண்ணாது. மனிதனும் கடவுள் முன் அந்த நாய்க்குட்டியின் நிலையில் இருக்கிறான் என்பது அவர் கருத்து.

இரண்டாவது, விலங்குகளின் வலி பற்றிய தனி இயல். மனிதனின் துன்பத்துக்குப் பாவம், திருத்தம், பொறுமை போன்ற காரணங்கள் சொல்லலாம். அறநெறித் தேர்வு அற்ற விலங்குக்கு இவை எவையும் பொருந்தா. ஆகவே இங்கு உறுதியான விடை இல்லை என்றும், தாம் கூறுவது ஊகமே என்றும் அவர் முன்னரே தெரிவித்துவிடுகிறார். அந்த ஊகத்தின் மையமாக இருப்பது வீட்டு விலங்கு. மனிதனோடு வாழும் நல்ல நாய், தன் தலைவனோடு கொண்ட உறவின் வழியாகத் தனக்கென ஓர் ஆளுமையைப் பெறுகிறது. கிறித்தவர் கிறித்துவுக்குள் மறுவாழ்வு பெறுவது போல, அந்நாயும் தன் தலைவனுக்குள், தலைவனின் வழியாக அழியாமையில் பங்கு பெறக்கூடும். இவ்வாறு நாயைத் தனியாக அன்றி, அதை நேசித்த குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

விமர்சனங்கள்

இவ்விளக்கம் உடனே மறுப்புகளைச் சந்தித்தது. சமய எழுத்தாளர் ஈவ்லின் அண்டர்ஹில் 1941 இல் லூயிசுக்கு எழுதிய கடிதத்தில், பழக்கப்பட்ட விலங்கையே இயல்பான விலங்கு என்று கொள்வதை ஏற்கவில்லை. காட்டு விலங்குகளும் மனிதனைச் சாராமலேயே கடவுளின் படைப்பாகப் பெருமை உடையவை என்பது அவர் நிலைப்பாடு. மெய்யியலாளர் சி. இ. எம். ஜோடு எழுப்பிய கேள்விகளும், அவற்றுக்கு லூயிஸ் அளித்த விடைகளும் 1950 இல் ஒரு கத்தோலிக்க இதழில் வெளியாயின. கொடிய தலைவனிடம் அகப்பட்ட விலங்கின் நிலை என்ன, ஆளுமை உள்ள விலங்குக்கும் இல்லாத விலங்குக்கும் எல்லையை எங்கு வகுப்பது என்பன ஜோடின் முக்கியக் கேள்விகள். லூயிஸ் தம் கருத்து ஊகம் என்பதை மீண்டும் எடுத்துரைத்து விடை அளித்தார். விலங்குகளுக்கு அநீதி நேர்ந்துள்ளது என்ற உணர்விலிருந்துதான் இக்கேள்வியே பிறக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இவ்விவாதம் அவருக்கு ஏட்டளவில் நிற்கவில்லை. உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யும் ஆய்வுகளை எதிர்த்து 1947 இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியைச் சேர்ந்த ஓர் அமைப்புக்காகக் கட்டுரை எழுதினார். மனிதன் வலியவன் என்பதனாலேயே விலங்கை வதைக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், அதே வாதத்தால் வலிய மனிதர் எளிய மனிதரையும் வதைக்கலாம் என்பது அக்கட்டுரையின் சாரம். நாட்சி முகாம்களில் கைதிகள்மீது நடந்த ஆய்வுகள் வெளியாகியிருந்த காலம் அது.

விலங்கன்பையும் அவர் குறைகாணாமல் விட்டுவிடவில்லை. 1960 இல் வெளியான 'தி ஃபோர் லவ்ஸ்' நூலில், பாசம் என்பது இனங்களின் எல்லையைத் தாண்டி நாய்க்கும் பூனைக்கும் இடையிலும் தோன்றக்கூடியது என்றார். பிறருக்குத் தேவைப்பட வேண்டும் என்ற தன் பசிக்காக ஒரு விலங்கைச் செல்லம் கொடுத்துக் கெடுத்து, அதன் இயல்பான வாழ்விலிருந்து அதைப் பிரித்துவைப்பதும் ஒரு கொடுமையே என்று அதே நூலில் எச்சரித்தார்.

புனைவுகளில்

சமய நூலில் ஊகம் என்று தயக்கத்தோடு சொன்னதை லூயிஸ் புனைவுகளில் தயக்கமின்றிச் சொன்னார். மறுமை பற்றிய கற்பனைப் பயணமான 'தி கிரேட் டிவோர்ஸ்' 1944-45 இல் ஒரு வார இதழில் தொடராக வந்தது. அதில், இலண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் யாரும் அறியாமல் வாழ்ந்த சாரா ஸ்மித் என்ற எளிய பெண், விண்ணுலகில் பேரரசி போல ஊர்வலமாக வருகிறாள். அவளைச் சூழ்ந்து நாய்களும், பூனைகளும், பறவைகளும், குதிரைகளும் வருகின்றன. மண்ணில் அவளை அணுகிய ஒவ்வொரு விலங்குக்கும் அவள் அன்பில் இடம் கிடைத்தது, அதனால் அவையும் முழுமை பெற்றன என்று கதையில் வரும் வழிகாட்டி விளக்குகிறார். அந்த வழிகாட்டி, லூயிஸ் இளமையில் படித்த ஜார்ஜ் மெக்டொனால்டு என்பது குறிப்பிடத்தக்கது.

1945 இல் வெளியான 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்' என்ற புதினத்தில் இரண்டு இல்லங்கள் எதிரெதிராக வைக்கப்படுகின்றன. ஒன்றில் கரடி உட்பட விலங்குகள் மனிதரோடு அமைதியாக வாழ்கின்றன. மற்றொன்றில், அறிவியல் நிறுவனம் என்ற பெயரில், விலங்குகள் ஆய்வுக்காகக் கூண்டுகளில் அடைக்கப்பட்டுள்ளன.

நார்னியா

1950 முதல் 1956 வரை, ஆண்டுக்கு ஒன்றாக நார்னியா நூல்கள் ஏழும் வெளிவந்தன. பாலின் பேன்ஸ் இவற்றுக்கு ஓவியம் வரைந்தார். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இலண்டனிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுவர்கள் 'தி கில்ன்ஸ்' வீட்டில் தங்கியிருந்தனர். முதல் கதையிலும் அவ்வாறு வெளியேற்றப்பட்ட நான்கு சிறுவர்கள் ஓர் அலமாரியின் வழியாக நார்னியாவை அடைகின்றனர். அந்நாட்டின் குடிமக்களில் பெரும்பாலோர் பேசும் விலங்குகள். அவர்களுக்கெல்லாம் தலைவன் அஸ்லான் என்ற சிங்கம். பிறர் பிழைக்காகத் தன் உயிரை ஈந்து மீண்டும் உயிர்க்கும் அஸ்லான், கிறித்துவைக் குறிக்கும் பாத்திரமாகும்.

1955 இல் வெளியான 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' நார்னியாவின் படைப்பைக் கூறுகிறது. அஸ்லான் சில விலங்குகளைத் தேர்ந்து அவற்றுக்குப் பேச்சை அளிக்கிறான். பேசாத விலங்குகளை அன்போடு நடத்துமாறு அவற்றுக்குக் கட்டளையும் இடுகிறான். இதே நூலில் டிகரி என்ற சிறுவனின் தாய் நோயுற்றுச் சாகும் நிலையில் இருக்கிறாள். அஸ்லான் தந்த ஆப்பிளை உண்டு அவள் பிழைக்கிறாள். ஒன்பது வயதில் நூலாசிரியர் வேண்டியும் கிடைக்காத ஒன்று, கதையில் வரும் சிறுவனுக்குக் கிடைக்கிறது. அஸ்லான் தன் துயரத்துக்காகக் கண்ணீர் விடுவதையும் டிகரி காண்கிறான்.

'தி சில்வர் சேர்' கதையில், அரக்கர் கோட்டையில் தாங்கள் உண்டது பேசும் மான் என்று அறிந்த பயணிகள் அதிர்ச்சியில் உறைகின்றனர். இறுதி நூலான 'தி லாஸ்ட் பேட்டில்' நார்னியாவின் முடிவைக் கூறுகிறது. பல விலங்குகள் அச்சத்தாலும் ஐயத்தாலும் அரசனைக் கைவிட, பேசும் நாய்கள் கூட்டமாக ஓடிவந்து அவன் பக்கம் நிற்கின்றன. பழைய உலகம் அழிந்தபின் அஸ்லானின் நாட்டில் அந்த நாய்களும் மனிதரோடு ஓடித் திரிகின்றன. பகைநாட்டைச் சேர்ந்தவனாயினும் உண்மையைத் தேடிய எமெத் என்ற வீரனை அங்கு மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பவையும் அவையே. இந்நூல் 1956 ஆம் ஆண்டுக்கான கார்னகி பதக்கத்தைப் பெற்றது.

நண்பர் டோல்கீனுக்கு நார்னியா கதைகள் பிடிக்கவில்லை. பல்வேறு தொன்மங்களை ஒரே கதையில் கலப்பதை அவர் விரும்பவில்லை. இருப்பினும் இவை பல கோடிப் படிகள் விற்று, நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டன. 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் மூன்று கதைகள் திரைப்படங்களாக வெளிவந்தன.

திருமணமும் துயரமும்

1952 இல் அமெரிக்க எழுத்தாளர் ஜாய் டேவிட்மனை லூயிஸ் சந்தித்தார். ஜாயும் இறைமறுப்பிலிருந்து கிறித்தவத்துக்கு வந்தவர். ஏப்ரல் 1956 இல் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். சில மாதங்களில் ஜாய்க்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மார்ச் 1957 இல் மருத்துவமனைப் படுக்கையருகே சமய முறைப்படி திருமணம் நடைபெற்றது. நோய் சில காலம் தணிந்து மீண்டும் தாக்கியது. ஜூலை 13, 1960 அன்று ஜாய் காலமானார். அவருடைய இரண்டு மகன்களையும் லூயிஸ் தம் பொறுப்பில் வளர்த்தார். அவர்களில் இளையவரே டக்ளஸ் கிரெஷாம்.

தாயைக் கொண்டுசென்ற அதே நோய் மனைவியையும் கொண்டுசென்றது. இம்முறை வேண்டியவர் சமய நம்பிக்கைக்காக உலகப்புகழ் பெற்றிருந்த அறுபது வயது மனிதர். அத்துயரத்தை எழுதிய குறிப்புகளை 1961 இல் 'எ கிரீஃப் அப்சர்வ்டு' என்ற நூலாக, என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். கடவுள் இல்லையோ என்ற ஐயத்தைவிட, கடவுள் கொடியவரோ என்ற அச்சமே அதில் மேலோங்கி நிற்கிறது. உயிருள்ள விலங்கை அறுப்பவனைப் போலக் கடவுளை எண்ணிப் பார்க்கும் இடமும் அந்நூலில் உண்டு. விலங்கு ஆய்வுகளை எதிர்த்து எழுதியவர், இப்போது தம்மை ஆய்வு மேசையின்மீது கிடக்கும் விலங்காகக் கண்டார். நூல் வளர வளர, அறுப்பவன் நோயைத் தீர்க்கும் அறுவை மருத்துவனாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் எழுகிறது. முழு விடை கிடைக்காவிட்டாலும், அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை. இக்காலத்தை மையமாகக் கொண்டு 1993 இல் 'ஷேடோலேண்ட்ஸ்' என்ற திரைப்படம் வெளிவந்தது.

இறுதிக்காலம்

லூயிஸ் 1954 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இடைக்கால, மறுமலர்ச்சிக்கால ஆங்கில இலக்கியப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். வார இறுதிகளை ஆக்ஸ்போர்டு வீட்டிலேயே கழித்தார். 1951 இல் அரசு அளிக்க முன்வந்த சிறப்புப் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. நூல்களிலிருந்து கிடைத்த வருவாயின் பெரும்பகுதியை அறச்செயல்களுக்கு அளித்தார். உலகெங்கிலும் இருந்து வந்த கடிதங்களுக்கு, சிறுவர்கள் எழுதியவற்றுக்கும், தம் கையாலேயே விடை எழுதினார்.

1961 முதல் சிறுநீரகக் கோளாறால் துன்புற்ற அவர் 1963 இல் பதவி விலகினார். நவம்பர் 22, 1963 அன்று மாலை, தம் 65 ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், வீட்டில் காலமானார். அதே நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதாலும், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி இறந்ததாலும் இவருடைய மறைவு செய்தித்தாள்களில் அதிகம் இடம்பெறவில்லை.

ஹெடிங்டன் குவாரியில் உள்ள தூய திரித்துவ ஆலயக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தாய் இறந்த நாளன்று தந்தையின் நாட்காட்டியில் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடக வரி ஒன்று இருந்தது. அவ்வரியை வாரன் தம்பியின் கல்லறையில் பொறித்தார். 1973 இல் வாரனும் அதே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். லூயிஸ் இறந்து 50 ஆண்டுகள் நிறைவுற்ற நவம்பர் 22, 2013 அன்று, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் புலவர் பகுதியில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

நூல்களின் அட்டையில் சி. எஸ். லூயிஸ் என்றே அச்சிடப்பட்டாலும், நெருங்கியவர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர் ஜாக் என்றே கையெழுத்திட்டார்.